அழுகையை மறக்கச் சொல்லித்தரும் ஊர்: 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைச் சுற்றிய சர்ச்சையின் பின்னணி

அமெரிக்கப் பள்ளிகளில் எந்த நூலை வைத்திருப்பது, எதை எடுத்துவிடுவது என்ற சண்டை செய்தியில் வரும்போதெல்லாம் ஒரு பெயர் அடிபடுகிறது: ஹார்ப்பர் லீ எழுதி 1960 ஜூலையில் வெளியான 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. உலகமெங்கும் நிறவெறிக்கு எதிரான நாவல் என்று பெயர் வாங்கியது. 1961-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1962-இல் திரைப்படமானது, வழக்கறிஞராக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. நான்கு கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அப்படிப்பட்ட நூலை, நிறவெறியை வெறுப்பவர்களே பாடத்திலிருந்து எடுக்கச் சொல்வது ஏன் என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை.

நேரெதிரான இரண்டு எதிர்ப்புகள் ஒரே தலைப்பின்கீழ்ச் செய்தியாவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

1. முதல் எதிர்ப்பு பழையது. 1966-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஹனோவர் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) பள்ளி வாரியம் இதை ஒழுக்கக்கேடான நூல் என்று சொல்லி நீக்கியது. லீ அங்குள்ள நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். வாரியத்தில் யாருக்காவது படிக்கத் தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது, அவர்களை ஏதாவது ஒரு பள்ளியின் முதல் வகுப்பில் சேர்க்க உதவும் என்று சிறிது பணமும் அனுப்பியிருக்கிறேன் என்றார்.

2. இரண்டாவது எதிர்ப்பு அண்மைக்காலத்தது. 2017-இல் மிசிசிப்பியின் பிலாக்சியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இந்நாவல் எடுக்கப்பட்டது. அதன் மொழி சிலருக்குச் சங்கடம் தருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். 2022 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோ பள்ளி மாவட்டம் ஒன்பதாம் வகுப்பின் கட்டாய வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. அங்கே கோரிக்கை வைத்தவர்கள் ஆசிரியர்கள். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல் நாவல் நெடுக வருகிறது என்றார்கள். கறுப்பரின் துயரம் வெள்ளையரின் கண் வழியாக மட்டுமே தெரிகிறது என்றும் சொன்னார்கள்.

'தடை' என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நூலைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுப்பது ஒன்று, நூலகத்திலிருந்தே எடுப்பது வேறொன்று. பிலாக்சியில் நூல் நூலகத்தில் இருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, பெற்றோர் ஒப்புதலோடு வகுப்பில் படிக்க வழிவிட்டார்கள். முக்கில்டியோவில் விரும்பும் ஆசிரியர் அதைத் தொடர்ந்து நடத்தலாம். தலைப்புச் செய்திகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன.

இரண்டாவது எதிர்ப்பில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்க, கதை நடக்கும் ஊரையும் அந்த ஊரின் சட்டத்தையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

## கதை, சுருக்கமாக

அலபாமா மாநிலத்தில் மேகோம் என்ற கற்பனைச் சிற்றூர். 1933 கோடையில் தொடங்கி 1935 இலையுதிர்காலத்தில் முடிகிறது கதை. சொல்பவள் ஸ்கவுட் என்று அழைக்கப்படும் ஜீன் லூயிஸ் ஃபின்ச். தொடக்கத்தில் அவளுக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை. அண்ணன் ஜெம் அவளைவிட நான்கு வயது மூத்தவன். தாய் இல்லை. தகப்பன் அட்டிகஸ் வழக்கறிஞர். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கல்பர்னியா என்ற கறுப்பினப் பெண்மணி. கோடை விடுமுறைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்கு வரும் நண்பன் டில்.

டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினான் என்று மயெல்லா யூவெல் என்ற ஏழை வெள்ளைப் பெண் குற்றம்சாட்டுகிறாள். அன்றைய அலபாமாவில் அதற்கு மரண தண்டனை உண்டு. நீதிபதி டாமுக்காக வாதாட அட்டிகஸை நியமிக்கிறார். டாமின் இடக்கை சிறுவயதிலேயே ஜின்னிங் எந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போனது என்றும், மயெல்லாவின் முகத்தில் விழுந்த அடிகள் இடக்கைக்காரர் அடித்தவை என்றும் அட்டிகஸ் நிறுவுகிறார். அவளுடைய தகப்பன் பாப் யூவெல் இடக்கைக்காரன். இவ்வளவும் தெளிவான பிறகும் தீர்ப்பு 'குற்றவாளி' என்றே வருகிறது. மேல்முறையீட்டுக்கு முன் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது டாம் சுட்டுக் கொல்லப்படுகிறான். உடலில் பதினேழு குண்டுகள்.

## அந்தத் தீர்ப்பு எப்படிச் சாத்தியமானது?

நாவலைப் படிக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் திகைக்கிறார்கள். ஆதாரம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பன்னிரண்டு பேர் எப்படி மனசாட்சியை விற்றார்கள் என்று கேட்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேரின் மனசாட்சிக்கு முன்னால் வரிசையாக ஏற்பாடுகள் நின்றன. அவற்றைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. பிரித்துவைத்தல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில், இரு இனத்தவருக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவது அரசமைப்புக்கு எதிரானதல்ல என்றது. ஜிம் க்ரோ சட்டங்கள் என்று மொத்தமாக அழைக்கப்படும் தென்மாநிலச் சட்டங்களுக்கு அது அரணாகிவிட்டது. பள்ளி, ரயில் பெட்டி, மருத்துவமனை, குடிநீர்க் குழாய் எல்லாம் தனித்தனி. நீதிமன்றத்தில் கறுப்பர்கள் மாடியில் உட்கார வேண்டும்.

2. வாக்கைப் பறித்தல். அலபாமாவின் 1901 அரசமைப்பு, வாக்களிக்க வரி கட்ட வேண்டும், எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும் என்று விதித்தது. எழுத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. நடைமுறையில் கறுப்பின வாக்காளர் பட்டியல் ஏறத்தாழக் காலியானது. வாக்கு இல்லாதவருக்கு அஞ்ச வேண்டிய தேவை நீதிபதிக்கும் இல்லை, கவுன்ட்டியின் காவல் தலைவரான ஷெரிஃபுக்கும் இல்லை. அங்கே அந்த இரண்டு பதவிகளுமே தேர்தலில் வெல்பவை.

3. ஜூரி. ஊர்மக்களிலிருந்து பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பேர் குற்றவாளியா இல்லையா என்று ஒருமனதாக முடிவெடுக்கும் முறை இது. இந்தியாவில் குற்ற வழக்குகளில் இந்த முறை 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முற்றாக மறைந்துவிட்டதால், இதன் வலிமை நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. அலபாமாவில் ஒவ்வொரு கவுன்ட்டியிலும் ஆணையர்கள் சிலர் ஜூரிப் பட்டியலைத் தயாரித்தார்கள். நேர்மையும் அறிவும் ஊரில் நன்மதிப்பும் உள்ள ஆண்களைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. யாருக்கு நன்மதிப்பு என்று முடிவுசெய்தவர்கள் வெள்ளையர்கள். பெண்களுக்கு இடமே இல்லை. அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்கார 1966-இல் நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது.

4. கும்பல் கொலை. தீர்ப்பு வரும்வரைகூடக் காத்திராமல் கைதியைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொல்வது. கொன்றவர்கள் முகம் தெரியாதவர்கள் அல்லர். பெரும்பாலும் ஊரே பார்க்க நடந்தது. தண்டிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. இதற்கென்று தனியாக ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது 2022 மார்ச்சில்தான்.

மூன்றாவது படியில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மெய்யான வழக்கு ஒன்று அங்கே இருக்கிறது. 1931 மார்ச்சில் அலபாமா வழியாகப் போன சரக்கு ரயிலில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பிடிபட்டார்கள். எல்லோரும் பதின்பருவத்தினர் அல்லது அதை ஒட்டியவர்கள். அதே ரயிலில் வந்த இரண்டு வெள்ளைப் பெண்கள் அவர்கள் மீது பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டினார்கள். ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் இரண்டே வாரத்தில் விசாரணை. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 1933-இல் நடந்த மறுவிசாரணையில் அந்தப் பெண்களில் ஒருத்தியான ரூபி பேட்ஸ், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னாள். அதன் பிறகும் ஜூரி 'குற்றவாளி' என்றது. சாட்சியத்தை எடைபோட்டு அந்தத் தீர்ப்பை ரத்துசெய்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அடுத்த ஆண்டுத் தேர்தலில் பதவியை இழந்தார்.

மறுபடி விசாரணை, மறுபடி தண்டனை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜூரிப் பட்டியலில் கறுப்பர் பெயர்களும் இருக்கின்றன என்று மாநிலம் காட்டியது. அந்தப் பெயர்கள் பிறகு நுழைக்கப்பட்டவை என்றார் இளைஞர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் சாமுவேல் லீபோவிட்ஸ். நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பதிவேட்டைப் பார்த்தார்கள். 1935 ஏப்ரலில், கறுப்பர்களை ஜூரியிலிருந்து திட்டமிட்டு விலக்குவது அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது.

நாவலில் டாம் ராபின்சனின் விசாரணை நடப்பது அதே 1935-இன் கோடையில். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்லிச் சில மாதங்களே ஆகியிருக்க, மேகோமின் ஜூரி பெஞ்சில் ஒரு கறுப்பரும் இல்லை. வரலாற்றிலும் அப்படித்தான் இருந்தது. தீர்ப்பு எழுதப்படும் தலைநகருக்கும் பட்டியல் எழுதப்படும் சிற்றூருக்கும் இடையே பல பத்தாண்டுகள் கிடந்தன.

## 1930களின் கதை, 1950களின் கோபம்

ஹார்ப்பர் லீ 1926-இல் அலபாமாவின் மன்றோவில் என்ற ஊரில் பிறந்தவர். மேகோமின் அச்சு அந்த ஊர். அவருடைய தகப்பனார் ஏ. சி. லீ வழக்கறிஞர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். 1919-இல் கொலை வழக்கில் சிக்கிய இரண்டு கறுப்பர்களுக்காக அவர் வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகு அவர் குற்ற வழக்கே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் வளர்ந்த சிறுவன் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ட்ரூமன் கபோட்டி. டில் அவருடைய சாயல்.

லீ நாவலை எழுதியது 1950களின் பிற்பகுதியில். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்தை ஒட்டிய பொழுதில் கொலையாளிகளை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் லீயின் சொந்த மாநிலத்து மான்ட்கமரியில், பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பர்களின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய கதை என்ற போர்வையில் அன்றைய வெள்ளை வாசகருக்கு எழுதப்பட்ட நாவல் இது. யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்விதான் பின்னால் வந்த விமர்சனத்தின் வேர். அதை மனதில் வைத்துக்கொண்டு நாவலின் உள்ளே போவோம்.

## ஒரு குழந்தை நிறவெறியை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

அட்டிகஸின் வீரத்தைப் பற்றிய நூல் என்றே பெரும்பாலோர் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். திரைப்படம் அந்த நினைவை இன்னும் கெட்டியாக்கிவிட்டது. என் கணிப்பில் நாவலின் மெய்யான பலம் வேறிடத்தில் இருக்கிறது. நல்லவர்கள் நிறைந்த ஓர் ஊர் தன் குழந்தைகளுக்கு இந்த நோயை எப்படி ஊட்டுகிறது என்று இவ்வளவு நுட்பமாகக் காட்டிய நூல்கள் குறைவு.

விசாரணைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அரசுத் தரப்பு வழக்கறிஞர் டாமைக் குறுக்கு விசாரணை செய்கிறார். வயதுவந்த ஒரு மனிதனை ஏளனமாக 'பையா' என்று அழைத்தே கேள்வி கேட்கிறார். மாடியில் உட்கார்ந்திருக்கும் டில் தேம்பித் தேம்பி அழத் தொடங்குகிறான். ஸ்கவுட் அவனை வெளியே அழைத்து வருகிறாள். அவர் பேசிய விதம் தன்னைக் குமட்டச் செய்தது என்கிறான் டில். ஸ்கவுட் என்ன சொல்கிறாள்? எதிர்த்தரப்புச் சாட்சியிடம் அப்படித்தான் பேசுவார்கள் என்று முதலில் சமாதானம் சொல்கிறாள். அது எடுபடாதபோது, என்ன இருந்தாலும் அவன் ஒரு நீக்ரோதானே என்கிறாள்.

அட்டிகஸின் மகள் சொல்லும் வார்த்தை இது. அந்தச் சொல்லை வீட்டில் அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தகப்பன் எதிர்த்திசையில்தான் வளர்த்தார். ஆனாலும் எட்டு வயதுக்குள் ஊர்க் காற்றிலிருந்து அது உள்ளே இறங்கிவிட்டது. வசைச்சொல்லைவிட இந்த ஒரு வாக்கியம்தான் நாவலில் எனக்குக் கூடுதலாக அச்சம் தருகிறது, ஏனென்றால் அதில் வெறுப்பு ஒரு துளிகூட இல்லை. வானம் மேலே இருக்கிறது என்பதைப் போலச் சொல்கிறாள்.

அப்போது மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் டால்ஃபஸ் ரேமண்ட் குறுக்கிடுகிறார். கறுப்பினப் பெண்ணோடு குடும்பம் நடத்தும் வெள்ளையர் அவர். காகிதப் பைக்குள் புட்டியை மறைத்துக் குடிப்பதால் ஊர் அவரைக் குடிகாரர் என்கிறது. உள்ளே இருப்பது கோக்கோ கோலா மட்டுமே. குடிகாரன், அதனால் புத்தி கெட்டு இப்படி வாழ்கிறான் என்று நினைத்துக்கொண்டால் ஊருக்கு மனம் ஆறும் என்பதால் அந்த நடிப்பு. அவர் டில்லைப் பார்த்துச் சொல்வதன் சாரம் இது: இந்தப் பையனுக்கு இன்னும் உலகம் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் குமட்டாது, அழவும் மாட்டான்.

வளர்வது என்பதற்கு மேகோம் தரும் பொருள் அதுதான்: ஒருவரை இழிவுபடுத்துவதைப் பார்த்து அழாமல் இருக்கப் பழகுவது. தீர்ப்புக்குப் பிறகு ஜெம் அழுகிறான், பன்னிரண்டு வயதில். அட்டிகஸ் அவனிடம் சொல்வதும் இதையே தொடுகிறது. முன்பும் செய்தார்கள், இனியும் செய்வார்கள், செய்யும்போது குழந்தைகள் மட்டுமே அழுகிறார்கள் என்ற கருத்தில் பேசுகிறார்.

ஊர் எந்தெந்த வழியில் இந்தப் பாடத்தை நடத்துகிறது? நாவலே வரிசைப்படுத்தித் தருவதுபோல் மூன்று இடங்கள்.

1. பள்ளி. ஆசிரியை மிஸ் கேட்ஸ், ஹிட்லர் யூதர்களை வதைப்பதைச் சொல்லிக் கலங்குகிறார். மக்களாட்சி என்று பலகையில் எழுதி, நாம் மக்களாட்சி, இங்கே யாரையும் துன்புறுத்துவதில்லை என்கிறார். ஸ்கவுட்டுக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. விசாரணை முடிந்த இரவு நீதிமன்றப் படியில் இதே ஆசிரியை, யாராவது இவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, தலைக்கு மேல் போகிறார்கள் என்று பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. ஹிட்லரை வெறுத்துக்கொண்டே சொந்த ஊர்க்காரரிடம் இப்படி எப்படி இருக்க முடியும் என்று அண்ணனிடம் கேட்கிறாள். ஜெம் சீறி விழுகிறான்; நீதிமன்றத்தைப் பற்றி இனிப் பேசாதே என்கிறான். அவனிடம் பதில் இல்லை.

2. சமயம். தேவாலயத் தொண்டுக் குழுவின் பெண்கள் கூடித் தேநீர் அருந்துகிறார்கள். தூரத்து ஆப்பிரிக்காவில் வாடும் ம்ருனா என்ற இனத்தாருக்காக உருகுகிறார்கள். அதே மூச்சில், டாமின் தீர்ப்புக்குப் பிறகு வீட்டு வேலைக்காரி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று குறைப்படுகிறார்கள். அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் டாம் இறந்த செய்தி வருகிறது. ஸ்கவுட் தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பலகாரம் பரிமாறப் போகிறாள். பெண்ணாக வளர்வது அன்று அவளுக்கு அப்படி முடிகிறது: மனதுக்குள் இடிந்துகொண்டே தட்டை நீட்டுவது.

3. இரக்கம் பற்றிய விதி. மயெல்லாவுக்கு ஏன் உதவினாய் என்று கேட்கப்படும்போது டாம், அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறான். நீதிமன்றம் உறைகிறது. அவன் உயிரைக் குடித்த வாக்கியம் அது. கறுப்பன் வெள்ளைப் பெண்ணுக்காக இரக்கப்படுவது என்றால், இரக்கப்படுபவன் ஒரு படி மேலே நிற்கிறான் என்று பொருள். எவ்வளவு ஏழை வெள்ளையருக்கும் தலைக்கு மேல் மிச்சமிருந்த ஒரே கூரை, தங்களுக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்பது. அதை டாம் தெரியாமல் பிய்த்துவிட்டான்.

இந்த மூன்றாவது இடத்தைப் படிக்கும் தமிழருக்குச் 'சாதி' என்ற சொல் தானாக நினைவுக்கு வரும். அந்த நினைவுக்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. நாவலின் கதை தொடங்கும் அதே 1933-இல், ஆலிசன் டேவிஸ் என்ற கறுப்பின மானுடவியலாளரும் அவர் மனைவி எலிசபெத்தும் மிசிசிப்பியின் நாட்சஸ் ஊரில் குடியேறினார்கள். பர்லி கார்ட்னர், மேரி கார்ட்னர் என்ற வெள்ளைத் தம்பதியும் அங்கே வந்தார்கள். இரு தரப்பும் ஒரே ஆய்வைச் செய்தன. ஆனால் ஊருக்குள் ஒன்றாக நடமாடுவதே ஆபத்து என்பதால், சேர்ந்து வேலை செய்வதை மறைத்தே வாழ்ந்தார்கள். 1941-இல் வெளியான அவர்களுடைய 'டீப் சவுத்' நூல் அந்த ஊரின் அமைப்பை விளக்கத் தேர்ந்த சொல் சாதி. ஏழை வெள்ளையர், பணக்கார வெள்ளையர் என்ற வேறுபாடு வர்க்கம், அது மாறக்கூடும். கறுப்பு, வெள்ளை என்ற கோடு பிறப்பால் விழுவது, திருமணத்தால் தாண்ட முடியாதது, ஆகவே சாதி என்றார்கள். கலப்புத் திருமணத் தடை அலபாமாவின் அரசமைப்பு வாசகத்திலிருந்து நீங்கியது 2000-இல். சட்டப்படி அது செல்லாமல் போய் முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து.

## நாவல் பார்க்கத் தவறியது

இனி விமர்சகர்களின் பக்கம். அவர்கள் சொல்வதைச் சுருக்கி 'வெள்ளை மீட்பர் கதை' என்பார்கள். கறுப்பர்கள் துன்பப்பட மட்டும் இருக்கிறார்கள். போராடுவதும் தோற்பதும் உயர்வதும் ஒரு வெள்ளையரின் பங்கு என்ற குற்றச்சாட்டு. நாவலின் ஒரு காட்சியை வைத்தே இதை எடைபோடலாம்.

விசாரணையன்று கீழ்த்தளத்தில் இடமில்லை. பாதிரியார் சைக்ஸ் குழந்தைகளை மாடிக்கு அழைத்துப் போகிறார். முன்வரிசையில் இருந்த நான்கு கறுப்பர்கள் எழுந்து இடம் விடுகிறார்கள். முழு விசாரணையையும் ஸ்கவுட்டால் சொல்ல முடிவது அவர்கள் எழுந்துகொண்டதால்தான். அந்த நால்வருக்கும் பெயர் இல்லை. எங்கே போய் நின்றார்கள், என்ன நினைத்தார்கள் என்பது கதையில் இல்லை. கடைசியில் அட்டிகஸ் தோற்று வெளியேறும்போது மாடி முழுவதும் எழுந்து நிற்கிறது. படித்தவர்கள் எவரும் மறக்காத காட்சி. ஆனால் அன்று மகனையோ கணவனையோ நண்பனையோ இழக்கப்போகும் மக்கள், தங்கள் துக்கத்தை ஒதுக்கிவைத்து வழக்கறிஞருக்கு மரியாதை செய்கிறார்கள். அவர்கள் வாய் பேசுவதே இல்லை.

கல்பர்னியாவும் அப்படியே. தேவாலயத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகும் ஒரு ஞாயிறு அன்று, அவருக்கு வேறொரு வாழ்க்கையும் வேறொரு பேச்சு வழக்கும் இருப்பது ஸ்கவுட்டுக்குத் தெரியவருகிறது. கதவு ஒரு கணம் திறந்து மூடிக்கொள்கிறது.

அட்டிகஸ் மீதும் சட்ட அறிஞர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். மன்றோ ஃப்ரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர் 1992-இல் எழுதிய கட்டுரை இதில் முன்னோடி. அட்டிகஸ் இந்த வழக்கைத் தானாக எடுக்கவில்லை, நீதிமன்றம் நியமித்ததால் எடுத்தார். பல ஆண்டு சட்டமன்றத்தில் இருந்தும் பிரிவினையை அசைக்கவில்லை என்பது அவர் வாதம். நாவலில் இதற்குச் சான்று உண்டு. வெள்ளை இனவெறி வன்முறைக் குழுவான கு கிளக்ஸ் கிளான் 1920 வாக்கில் ஓர் அரசியல் அமைப்பாகத்தான் இருந்தது என்று குழந்தைகளிடம் எளிதாகக் கடந்துபோகிறார் அட்டிகஸ். டாமைக் கொல்ல வந்த கும்பலில் இருந்த கன்னிங்ஹாமை அடிப்படையில் நல்லவர், கண்ணுக்குத் தெரியாத சில பக்கங்கள் எல்லோரையும்போல அவருக்கும் உண்டு என்கிறார். பக்கத்து வீட்டாரைப் புரிந்துகொள்ள ஒருவரின் தோலுக்குள் புகுந்து நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கன்னிங்ஹாமின் தோலுக்குள் ஸ்கவுட்டால் நுழைய முடிகிறது. டாமின் தோலுக்குள் நுழைய நாவல் அவளைக் கேட்பதே இல்லை.

2015 ஜூலையில் 'கோ செட் எ வாட்ச்மன்' வெளியானபோது வாசகர்கள் அதிர்ந்தார்கள். 1950களில் லீ முதலில் எழுதி, பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப் திருத்தி எழுதச் சொன்ன படி அது. அதில் இருபத்தாறு வயது ஸ்கவுட் ஊர் திரும்பும்போது, பிரிவினையைக் காக்கத் திரண்ட வெள்ளையர் குழுவின் கூட்டத்தில் தகப்பன் உட்கார்ந்திருப்பதை அதே நீதிமன்ற மாடியிலிருந்து பார்க்கிறாள். பலர் இதைத் துரோகமாக எடுத்துக்கொண்டார்கள். மேலே சொன்ன சான்றுகளை முதல் நாவலிலேயே கவனித்தவர்களுக்கு அதிர்ச்சி குறைவாகத்தான் இருந்திருக்கும்.

## அதே 1933, மறுபக்கத்திலிருந்து

'வேறு நூல் வையுங்கள்' என்று கேட்கும் ஆசிரியர்கள் சுட்டும் நூல்களில் ஒன்று மில்ட்ரெட் டி. டெய்லர் 1976-இல் வெளியிட்ட 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. 1977-இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. கதை 1933-இல் மிசிசிப்பி கிராமப்புறத்தில். சொல்பவள் ஒன்பது வயது கேசி லோகன், கறுப்பினச் சிறுமி.

முதல் நாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடநூல் தருகிறார்கள். உள்ளட்டையில் ஓர் அட்டவணை: எந்த ஆண்டு, நூலின் நிலை என்ன, எந்த இனத்து மாணவருக்குக் கொடுக்கப்பட்டது. வெள்ளைப் பிள்ளைகள் பல ஆண்டு கிழித்து முடித்து, நிலை 'மிக மோசம்' என்று ஆன பிறகு, கடைசி வரியில் கறுப்பர் என்று எழுதி இவர்களுக்கு வந்திருக்கிறது. கேசியின் ஆறு வயதுத் தம்பி அதைப் படித்துப் பார்த்துத் தரையில் போட்டு மிதிக்கிறான். பிரம்படி கிடைக்கிறது.

இரண்டு சிறுமிகளும் ஒரே காலத்தில் வளர்கிறார்கள். ஸ்கவுட்டுக்கு நிறவெறி என்பது ஒரு நாள் கண்டுபிடிக்கும் செய்தி. மாடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். கேசிக்கு அது கடையில் வரிசையில் நிற்கும்போது வருகிறது, நடைபாதையில் வெள்ளைச் சிறுமியை இடித்துவிட்டபோது வருகிறது. அந்தச் சிறுமியை மரியாதைச் சொல் சேர்த்து அழைத்து மன்னிப்புக் கேட்கும்படி கேசியைப் பணிய வைக்கிறார்கள். எங்கே எதிர்த்து நிற்கலாம், எங்கே பணிந்தால்தான் குடும்பம் பிழைக்கும் என்று பெற்றோர் அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கேசிக்கு வளர்வது என்றால் அந்தக் கணக்கைக் கற்பது.

வகுப்பறையில் இந்த வேறுபாடு என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முப்பது வெள்ளை மாணவர்களும் ஒரு கறுப்பின மாணவியும் இருக்கும் வகுப்பு. லீயின் நாவல் சத்தமாகப் படிக்கப்படுகிறது. வசைச்சொல் வரும் ஒவ்வொரு முறையும் முப்பது தலைகள் ஒரு பக்கம் திரும்புகின்றன. மற்றவர்களுக்கு நூல் மனசாட்சியைத் திறக்கிறது; அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எல்லோர் முன்பும் திரும்பச் சொல்கிறது. முக்கில்டியோ ஆசிரியர்கள் எழுப்பிய கேள்வி இதிலிருந்து பிறந்தது. நூலை அறவே ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மிஸ் கேட்ஸின் பலகையையும் டில்லின் அழுகையையும் பதினான்கு வயதில் படிப்பவர்கள் இழக்கக் கூடாது. ஆனால் நிறவெறி பற்றிய ஒரே பாடமாக அதை மட்டும் வைப்பது, மாடியில் இடம் விட்ட நால்வரை மறுபடியும் நிற்க வைப்பதாகும்.

## மன்றோவிலில் பின்னர் நடந்தது

1990களின் தொடக்கத்திலிருந்து மன்றோவிலில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் இந்நாவலை நாடகமாக நடத்துகிறார்கள். விசாரணைப் பகுதி பழைய நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நடக்கும். ஜூரியாக உட்காரப் பார்வையாளர்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

அந்த நாடகம் தொடங்கிய காலத்தில் அதே ஊர்ப்பக்கத்துக் கறுப்பர் ஒருவர் மரண தண்டனைக் கொட்டடியில் இருந்தார். பெயர் வால்டர் மக்மிலியன். 1986 நவம்பரில் மன்றோவிலில் ஓர் இளம் வெள்ளைப் பெண் கடையில் சுட்டுக் கொல்லப்பட்டாள். கொலை நடந்த நேரத்தில் மக்மிலியன் தன் வீட்டில் மீன் வறுத்து விற்கும் நிகழ்ச்சியில் பலருக்கு நடுவே இருந்தார். வெள்ளைப் பெண் ஒருவரோடு அவருக்கு உறவு இருந்தது ஊருக்குத் தெரிந்திருந்தது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளோடு அடைத்தார்கள். 1988-இல் நடந்த விசாரணை இரண்டு நாளைத் தாண்டவில்லை. ஜூரியில் ஒரே ஒரு கறுப்பர். பொய்ச்சாட்சி சொன்னவர் பின்னர் அதை ஒப்புக்கொண்டார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடி, 1993 மார்ச்சில் மக்மிலியனை வெளியே கொண்டுவந்தார்.

தீர்ப்புக்குப் பிறகு ஜெம், ஜூரி முறையையே ஒழித்துவிட வேண்டும் என்று தகப்பனிடம் கொதிக்கும் ஓர் இடம் நாவலில் உண்டு. மரண தண்டனை வழக்குகளில் தண்டனையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை நீதிபதிக்கு மட்டும் தரும்படி சட்டத்தைத் திருத்தலாம் என்கிறார் அட்டிகஸ். மக்மிலியன் வழக்கில் ஜூரி பரிந்துரைத்தது ஆயுள் தண்டனை. ஜூரியை மீறும் அதிகாரம் அப்போது அலபாமா நீதிபதிகளுக்கு இருந்தது. நீதிபதி அதைப் பயன்படுத்தி மரண தண்டனையாக மாற்றினார். அந்த அதிகாரத்தை அலபாமா 2017-இல் நீக்கியது. அதற்கு முன் அப்படித் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது என்றும் சட்டத்திலேயே எழுதிவைத்தது.